தண்ணீரிலேயே செடி வளர்கிறதே, அப்புறம் மண் எதற்கு?

தூறல்:
வணக்கம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மண் பாடத்தை ஆரம்பித்த அன்றே வகுப்பில் இரண்டு கேள்விகள் வந்துவிட்டன. "செடி மண்ணிலிருந்துதான் சாப்பிடுகிறது என்றால் பெரிய மரத்தடியில் குழி விழ வேண்டாமா?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன், "இப்போதெல்லாம் தண்ணீரிலேயே செடி வளர்க்கிறார்களே, அப்படியென்றால் மண்ணே வேண்டாமா?" என்றான்.

பாடப்புத்தகத்தில் மணல், வண்டல், களி என்ற பிரிவும் மண் அடுக்குகளின் படமும் இருக்கின்றன. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. பிள்ளைகளிடம் மேம்போக்காகச் சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள்.

மண்வெட்டி:
அந்தப் பெண் கேட்டது ஏறத்தாழ 400 ஆண்டுப் பழைய கேள்வி அம்மா. வான் ஹெல்மான்ட் என்பவர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். இன்றைய பெல்ஜியம் இருக்கும் பகுதியைச் சேர்ந்தவர். 200 பவுண்டு மண்ணை அடுப்பில் காயவைத்து எடைபோட்டு ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழைத் தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ மட்டும்தான் ஊற்றினார். வெளித்தூசி விழாமல் தொட்டியின் வாயைத் துளையிட்ட தகட்டால் மூடினார். 5 வருடம் கழித்து மரத்தைப் பிடுங்கினால் எடை 169 பவுண்டு. மண்ணை மறுபடி காயவைத்து எடை போட்டால் குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ்!

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது இலை வழியாகக் காற்றிலிருந்து வந்தது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. விறகை எரித்தால் கடைசியில் மிஞ்சும் சாம்பல் இருக்கிறதே, பெரும்பாலும் அதுதான் மண் கொடுத்த பங்கு. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மண் வழி வந்ததுதான், ஆனால் எரியும்போது அது புகையோடு போய்விடும். விறகின் எடையில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தேறினால் அதிகம்.

அதனால் மரத்தடியில் குழி விழாது. ஆனால் அந்த 2 அவுன்ஸ் இல்லாமல் மரமும் இல்லை. இதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லையென்றால் மண் அற்ப விஷயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

பொன்வண்டு:
ஐயா, நான் மாடியில் தொட்டிச்செடி வளர்க்கிறேன். விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் சில மாதத்திலேயே மண் நாலு விரல் இறங்கிவிடுகிறது. செடி தின்னவில்லை என்றால் அது எங்கே போகிறது?

நுண்நோக்கி:
பொன்வண்டு, உங்கள் தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் இருக்கும். அதைத் தின்பது நுண்ணுயிர்கள். தின்று அவை மூச்சு விடும்போது கார்பன் டைஆக்சைடு வாயுவாகக் காற்றுக்குப் போய்விடுகிறது. காற்றிலிருந்து செடி எடுத்த கார்பன் மறுபடி காற்றுக்கே திரும்புகிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கலவை படிந்து இறுகுவது இன்னொரு காரணம். தொட்டியடித் துளை வழியாகக் கொஞ்சம் கரைந்தும் போகும். வெறும் மணலும் களியும் மட்டும் போட்ட தொட்டியில் இந்த அளவு இறக்கம் இருக்காது.

ஏர்க்கால்:
தூறல், இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன்னால் மண் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் "பாறைத் தூள்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் மேல்மண்ணில் ஒரு கனசதுரம் வெட்டி எடுத்தால் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 45 சதவீதம்தான் தாதுப் பொருள். மட்கு முதலிய கரிமப் பொருள் ஏறக்குறைய 5 சதவீதம். மீதிப் பாதி வெற்றிடம்! அந்த இடைவெளிகளில் ஒரு பகுதி தண்ணீர், ஒரு பகுதி காற்று. மழை பெய்தால் தண்ணீர் பங்கு கூடும், காய்ந்தால் காற்றின் பங்கு கூடும்.

என்னைக் கேட்டால் மண் பாடத்தில் முதலில் சொல்ல வேண்டியது இந்த இடைவெளிகளைப் பற்றித்தான். வேருக்கும் மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் தண்ணீர், ஆனால் செடி வாடுகிறது. வேர் மூச்சுத் திணறித் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போவதுதான் காரணம்.

இடைவெளியிலும் அளவு முக்கியம். பெரிய துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், பின்னாலேயே காற்று நுழையும். நுண்ணிய துளைகள் தண்ணீரைப் பிடித்துவைத்து வேருக்குத் தரும். இரண்டும் கலந்திருக்க வேண்டும். மணலில் பெரிய துளைகளே அதிகம், அதனால் ஊற்றிய தண்ணீர் நிற்காது. களியில் துளைகளின் மொத்த அளவு மணலைவிட அதிகம்தான், ஆனால் அத்தனையும் நுண்ணியவை. மிக நுண்ணிய துளையில் இருக்கும் தண்ணீரை வேரால்கூட இழுத்தெடுக்க முடியாது. அதனால்தான் கைக்கு ஈரமாகத் தெரியும் களிமண்ணிலும் செடி வாடும்.

இங்கே இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒரே அளவு மணலும் களியும் வண்டலும் இருக்கும் இரண்டு நிலங்கள் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். செங்கல்லைக் குவியலாகக் கொட்டினால் அதில் யாரும் குடியிருக்க முடியாது, அதே செங்கல்லை அடுக்கிக் கட்டினால் அறைகளும் வாசலும் கிடைக்கும். மண் துகள்களை அப்படிச் சேர்த்துக் கட்டுவது வேர்க்கசிவும், பூஞ்சை இழைகளும், பாக்டீரியாக்கள் சுரக்கும் பிசினும், புழுக்களின் எச்சமும். இதைத்தான் பொலபொலவென்று இருக்கிறது என்று கையில் அள்ளிப் பார்த்துச் சொல்கிறோம். வெற்று நிலத்தில் மழைத்துளி நேராக அடிக்கும்போது இந்தக் கட்டு உடைகிறது. உடைந்த நுண்துகள் மேலே துளைகளை அடைத்துக் காய்ந்து ஏடு கட்டிக்கொள்கிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து, மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

தூறல்:
ஏர்க்கால் அண்ணா, பாதி வெற்றிடம் என்பது எனக்கே புதிது. களி, மணல் என்று பிரிப்பதற்கு அளவு உண்டா? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

ஏர்க்கால்:
உண்டு. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மி.மீ. வரை மணல். 0.05-இலிருந்து 0.002 வரை வண்டல். அதற்கும் கீழே களி. அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாடு இது, வேறு சில வகைப்பாடுகளில் மணலுக்கும் வண்டலுக்கும் நடுவிலுள்ள எல்லை சற்று மாறும். 2 மி.மீ.க்கு மேற்பட்டதெல்லாம் சரளை, கல்.

களி சின்னது என்பதோடு விஷயம் முடியவில்லை. அது தட்டுத்தட்டாக இருக்கும் படிகம். சில வகைக் களியில் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர் வரை போகும். அந்தப் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனிகள் ஒட்டிக்கொள்கின்றன. வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து இவற்றை வாங்கிக்கொள்ளும். மட்குக்கும் இதே குணம் உண்டு, எடைக்கு எடை பார்த்தால் களியையும் மிஞ்சும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் அது ஒட்டாது. பலத்த மழையில் தழைச்சத்து கரைந்து நிலத்தடி நீருக்குப் போவது இதனால்தான்.

நேர்கோடு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் மண்ணில்லா வேளாண்மைதான் செய்கிறேன். செடிக்கு அவசியமான தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றும் தண்ணீரும் தருகின்றன. மீதி 14-ஐயும் அளந்து தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். ஒரே தண்ணீரைச் சுழற்றி விடுவதால் செலவாகும் தண்ணீர் வயலைவிட மிகக் குறைவு. களை இல்லை, மண்வழி நோய் குறைவு. நீங்கள் சொன்ன இடைவெளி, அயனி ஒட்டுதல் இவையெல்லாம் மண் தற்செயலாகச் செய்யும் வேலைகள். அதைவிட நேர்த்தியாக ஒரு பம்பு செய்துவிடும். பின்வரிசைப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. "மண் இல்லாமலும் செடி வளரும்" என்று ஆசிரியர் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மண்வெட்டி:
சொல்லட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். செடி வளரும். ஆனால் தம்பி, நீங்கள் பம்பை நிறுத்தினால் அந்தச் செடிகள் எத்தனை மணி நேரம் தாங்கும்? வேர்க்குக் காற்றேற்றுவது, கார அமில நிலையைச் சரிபார்ப்பது, உப்பு கூடாமல் பார்ப்பது என்று ஒவ்வொன்றும் மின்சாரத்தாலும் மீட்டராலும் உங்கள் கண்காணிப்பாலும் நடக்கிறது. நீங்கள் கரைக்கும் நைட்ரேட் இயற்கை எரிவாயுவை வைத்து ஆலையில் செய்தது. பாஸ்பேட் சுரங்கத்தில் வெட்டியது. கீரைக்கும் தக்காளிக்கும் இது கட்டுபடியாகும். காட்டுக்கும் புல்வெளிக்கும் யார் கரைசல் கலப்பது?

இன்னொன்று, செத்தது எங்கே போகும்? உதிர்ந்த இலை, விழுந்த மரம், இறந்த விலங்கு, சாணம் எல்லாம் மண்ணில்தான் பிரிந்து அடுத்த உயிருக்கு உணவாகின்றன. உங்கள் குழாயில் அந்த வேலை நடக்காது. உங்கள் அறுவடையின் வேரும் தண்டும்கூடக் கடைசியில் எங்கோ ஒரு மண்ணில்தான் மட்குகின்றன.

நேர்கோடு:
கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா, என் கழிவுகள் மட்குக்குழிக்குத்தான் போகின்றன. ஆனாலும் "மண்ணில் உயிர் இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த உயிர்கள் செடிக்கு என்ன செய்கின்றன, எப்படிச் செய்கின்றன என்று யாராவது எழுதுங்கள். அதுதான் தெரிய வேண்டும்.

நுண்நோக்கி:
எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

வளமான மண் ஒரு கிராமில் பாக்டீரியாக்கள் 100 கோடி வரைகூட இருக்கலாம். எண்ணிக்கை வியப்புதான், ஆனால் வேலை நடப்பது ஒன்றை ஒன்று தின்பதில். பாக்டீரியாவின் உடலில் தழைச்சத்து செறிவாக இருக்கும், ஏறக்குறைய 5 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன். அமீபா போன்ற ஒருசெல் உயிர்கள் அதைத் தின்கின்றன. அவற்றுக்கு அவ்வளவு நைட்ரஜன் தேவையில்லை. மிஞ்சியதை அம்மோனியமாக வெளியே விடுகின்றன. பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழுக்களும் இதையே செய்கின்றன. இது அதிகமாக நடப்பது வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில். ஏனென்றால் பாக்டீரியாவை அங்கே கூட்டுவதே வேர்தான்! ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையில் கணிசமான பங்கைச் செடி வேர் வழியாகக் கசியவிடுகிறது. அந்தக் கசிவுக்குக் கூடும் பாக்டீரியா, அதைத் தின்ன வரும் அமீபா, அது விடும் அம்மோனியம், அதை உறிஞ்சும் வேர் என்று ஒரு சுற்று.

அடுத்தது பூஞ்சை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் மிக மெதுவாகத்தான் நகரும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மி.மீ. தூரத்தில் இருப்பதை எடுத்துவிட்டால் அந்த இடம் காலி, புதிதாக வந்து நிரம்ப நாளாகும். வேர்ப்பூஞ்சையின் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. அவை அந்தக் காலி வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் பரவி பாஸ்பரஸை எடுத்து வந்து கொடுத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. நிலத் தாவர இனங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் இருக்கின்றன. 40 கோடி ஆண்டுப் பழைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூஞ்சையின் தடம் இருக்கிறது. தாவரங்கள் கரையேறிய காலத்து உறவு. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் இதற்கு விலக்கு.

இலையைத் துண்டாக்கும் மரவட்டை, பூஞ்சையை மேயும் உண்ணிகள், வால்தெறிப்பான் என்ற குட்டிப் பூச்சி, கரையான், எறும்பு, மண்புழு எல்லோரும் இதற்கு மேலே. துண்டாக்கும் வேலையை இவர்கள் செய்யாவிட்டால் பாக்டீரியாவுக்கு இலை மட்கவைக்க மிக நாளாகும்.

ஏர்க்கால்:
மண்புழுவைப் பற்றி டார்வின் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 1842-இல் தன் வீட்டருகே இருந்த புல்வெளியில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டு பொறுத்து 1871-இல் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தார். சுண்ணாம்பு சுமார் 7 அங்குல ஆழத்தில் ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது. யாரும் அதைப் புதைக்கவில்லை. புழுக்கள் கீழே தின்ற மண்ணை மேலே எச்சமாகப் போட்டுப் போட்டு அதை மூடியிருக்கின்றன. மண் நகர்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

பொன்வண்டு:
இடையில் ஒரு சந்தேகம். போன வாரம் தொட்டி அவரையைப் பிடுங்கியபோது வேரெல்லாம் சின்னச் சின்னக் கட்டி. நோய் என்று நினைத்து எறியப் போனேன், பிறகு நல்லதென்று எங்கோ படித்த ஞாபகம் வந்தது. எது சரி?

நுண்நோக்கி:
இரண்டும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேரைத் தண்ணீரில் அலசி ஒரு கட்டியை நகத்தால் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்து சுலபமாக உதிர்ந்தால் அது வேர்முடிச்சு. வேரே வீங்கி, கட்டியைப் பிய்த்தால் வேரும் அறுந்து வந்தால் அது நூற்புழுத் தாக்குதல், அந்த வேரை அப்புறப்படுத்துங்கள்.

முடிச்சாக இருந்தால் பிளேடால் குறுக்கே நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, பச்சை இறைச்சி நிறத்தில் இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் செடி, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தைச் செய்து ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைக்கிறது. அந்தச் சிவப்பு அதனுடையது. உள்ளே வெளுப்பாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை அல்லது அந்த பாக்டீரியா சோம்பேறி இனம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்தது. தழைச்சத்து உரத்தை அதிகம் போட்ட தொட்டியில் முடிச்சு குறைவாகவே வரும், கேட்காமல் கிடைக்கும்போது செடி சர்க்கரையைச் செலவழிக்காது.

தூறல், வகுப்பில் இதை நறுக்கிக் காட்டுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

தூறல்:
கட்டாயம் காட்டுகிறேன். மழை பெய்ததும் வரும் மண்வாசனையும் இந்த உயிர்களால்தானா?

நுண்நோக்கி:
பெரும்பங்கு ஆமாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனை. நம் மூக்கு அதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். வால்தெறிப்பான் பூச்சிகள் இந்த வாசனைக்கு ஈர்க்கப்பட்டு வந்து அந்த பாக்டீரியாவின் வித்துகளைப் பரப்புகின்றன என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதே குடும்பத்திலிருந்துதான் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார்கள், காசநோய்க்குக் கிடைத்த முதல் பயனுள்ள ஆன்டிபயாட்டிக். நாம் பயன்படுத்தும் ஆன்டிபயாட்டிக்குகளில் பல மண் நுண்ணுயிர்கள் தந்தவை.

நேர்கோடு:
நன்றி, இப்படித்தான் விளக்கம் வேண்டும் என்று நினைத்தேன். ரசாயன உரம் போட்டால் மண் செத்துவிடும் என்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? உப்பு உப்புதானே, எருவிலிருந்து வரும் நைட்ரேட்டும் மூட்டையிலிருந்து வரும் நைட்ரேட்டும் வேருக்கு ஒன்றுதான்.

மண்வெட்டி:
வேருக்கு ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. "செத்துவிடும்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இலிருந்து ஒரே நிலத்தில் கோதுமை போட்டுச் சோதனை நடத்துகிறார்கள். ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை, ஒன்றுக்கு ரசாயன உரம் மட்டும், ஒன்றுக்குத் தொழுவுரம். ரசாயன உரப் பாத்திகள் இன்றும் நன்றாகவே விளைகின்றன. அதே சமயம் தொழுவுரப் பாத்தியின் கரிமச்சத்து ஒன்றும் போடாத பாத்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. ரசாயன உரப் பாத்திகளில் அப்படிக் கூடவில்லை.

அதே நிலையத்தில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை ஒன்றும் உண்டு. அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுதோறும் போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்தியில் கார அமிலநிலை 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. பல வகைப் புல்லும் பூண்டும் இருந்த இடத்தில் மிகச் சில இனங்களே மிஞ்சின. அமிலம் கூடினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். ஆக எந்த உரம், எந்த மண், கூட என்ன போடுகிறோம் என்று பார்க்காமல் பேச முடியாது. மண்ணில் வாழும் உயிர்களுக்குத் தின்னக் கரிமப் பொருள் வேண்டும். மூட்டை உரத்தில் அது இல்லை என்பதுதான் என் கவலை, உரம் விஷம் என்பதல்ல.

பொன்வண்டு:
எங்கள் தோட்டத்து மண் சுத்தக் களி. மணல் அடித்துக் கலந்தால் சரியாகுமா?

ஏர்க்கால்:
வேண்டாம். கொஞ்சம் மணல் போட்டால் களி மணலுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைத்துக்கொண்டு முன்பைவிட இறுகும். மண்ணின் தன்மை மாற வேண்டுமென்றால் பாதிக்கும் மேல் மணல் போக வேண்டும், அது நடைமுறையில் ஆகாத காரியம். மட்கிய எருவும் மூடாக்கும் தொடர்ந்து போடுங்கள். ஈரமாக இருக்கும்போது மிதிக்கவோ கிளறவோ செய்யாதீர்கள், களிக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. மெதுவாகத்தான் மாறும், ஆனால் மாறும்.

களிதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். தூறலும் வகுப்பில் செய்யலாம். நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள். கட்டிகள் முழுக்கக் கரையும்வரை சில நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல், அங்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதற்கு மேல் படிந்திருப்பது வண்டல். களி படிய ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். மேலே மிதக்கும் கறுப்புத் துணுக்குகள் மட்காத கரிமப் பொருள். மூன்று அடுக்கின் உயரத்தையும் அளந்து பங்கு போட்டால் மண்ணின் வகை தெரிந்துவிடும்.

கட்டமைப்பைப் பார்க்க வேறு சோதனை. மரத்தடியிலிருந்து ஒரு மண்கட்டி, அடிக்கடி கொத்திய இடத்திலிருந்து ஒரு மண்கட்டி. இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிரம்பிய டம்ளரில் வலைமேல் மெதுவாக இறக்குங்கள். கட்டு இல்லாத மண் சில நிமிடத்தில் பொடிந்து தண்ணீர் கலங்கிவிடும். மரத்தடிக் கட்டி குமிழ் விட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். அந்தக் குமிழ்கள்தான் நான் மேலே சொன்ன இடைவெளிக் காற்று.

தூறல்:
இதை நாளைக்கே தொடங்கிவிடுவேன். ஒரு விஷயம் மட்டும் மீதி. மண் உருவாக எவ்வளவு காலம் ஆகும்? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள்.

மண்வெட்டி:
இடத்துக்கு இடம் மாறுவதால்தான் அப்படி. ரஷ்யாவின் டக்குசாயெவ் என்ற அறிஞர் கரிசல் நிலங்களைச் சுற்றிப் பார்த்து 1883-இல் எழுதியதிலிருந்துதான் மண் தனி அறிவியலாக வளர்ந்தது. மண்ணைத் தீர்மானிப்பவை ஐந்து: கீழே இருக்கும் பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் சரிவு, காலம். ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் எரிமலைச் சாம்பல் சீக்கிரம் மண்ணாகும். குளிரில் கருங்கல் மண்ணாக யுகம் பிடிக்கும். பொதுவாக 1 செ.மீ. மேல்மண் சேர நூறு முதல் ஆயிரம் ஆண்டு என்று சொல்லலாம்.

போவதற்கு அவ்வளவு காலம் வேண்டாம். 1930-களில் அமெரிக்காவின் புல்வெளிச் சமவெளிகளில் அதுதான் நடந்தது. ஆழமாக வேர்விட்டிருந்த புல்லை உழுது கோதுமை போட்டார்கள். பிறகு வறட்சி வந்தது, பிடித்துவைக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புழுதிப் புயல் பகலை இருட்டாக்கியது. அந்த மாதமே அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

காற்று கொண்டுபோவது எங்கோ சேரவும் செய்கிறது. சகாரா புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் விழுகிறது என்று நாசா செயற்கைக்கோள் தரவிலிருந்து 2015-இல் கணக்கிட்டார்கள். அதில் பாஸ்பரஸ் மட்டும் சுமார் 22,000 டன். அந்தக் காட்டு மண் மழையில் கரைந்து சத்து குறைந்த மண். ஒரு பாலைவனத்தின் தூசி ஒரு காட்டுக்கு மணிச்சத்து கொடுக்கிறது.

நுண்நோக்கி:
கார்பன் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். மேல் 1 மீட்டர் மண்ணில் மட்டும் ஏறக்குறைய 1,50,000 கோடி டன் கரிம கார்பன் இருக்கிறது. காற்று மண்டலத்திலும் தாவரங்களிலும் இருப்பதைக் கூட்டினாலும் மண்ணில் இருப்பதுதான் அதிகம். சதுப்பை வடித்தாலும் புல்வெளியை உழுதாலும் அதில் ஒரு பகுதி நுண்ணுயிர் மூச்சாகக் காற்றுக்குப் போகும். பொன்வண்டின் தொட்டியில் இறங்கிய நாலு விரல் மாதிரிதான், அளவுதான் வேறு.

நேர்கோடு:
தூறல், பின்வரிசைப் பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: செடிக்கு 14 தனிமங்களும் ஆக்சிஜனும் பிடிமானமும் எங்கிருந்து கிடைத்தாலும் போதும், மண் கட்டாயமில்லை. ஆனால் என் பண்ணையில் அதைக் கொடுப்பதே என் முழுநேர வேலை, வெளியே அதைக் கொடுப்பது மண்ணில் வாழ்பவை. முடிந்தால் என் பண்ணையிலிருந்து ஒரு செடியை வேரோடு அனுப்புகிறேன், மண்ணில் வளர்ந்த வேரோடு வைத்துப் பார்க்கட்டும். தண்ணீரில் வளர்ந்ததில் வேர்த்தூவிகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

தூறல்:
அனுப்பினால் ரொம்ப உதவியாக இருக்கும், நன்றி. எல்லோருக்கும் நன்றி. பாட்டில் சோதனைக்குப் பிள்ளைகளே மண் தோண்டட்டும் என்று இருக்கிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

நுண்நோக்கி:
உண்டு. ரணஜன்னி உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் கையுறை போடட்டும், தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கிப்புழுவின் குட்டிகள் வெறுங்கால் தோல் வழியாகவே நுழையும், அதனால் செருப்பு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம், கழிவுநீர் ஓடும் இடத்தில் தோண்ட வேண்டாம். முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மண்ணில் அகப்பட்ட புழு பூச்சிகளைப் பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே, நிழலில் விட்டுவிடுங்கள். வெயிலில் மண்புழு அதிக நேரம் தாங்காது.